உரி, உழக்கு, ஆழாக்கு, ஜிகாஹெர்ட்ஸ்

(மல்லேஸ்வரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

8வது கிராஸ் பூக்கடைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாக வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படித் தாமதமாக வந்தவன் இன்றைக்குப் பேசப்போவது, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு பிசகினாலும் என்ன ஆகும் என்பதைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான்.

முப்பது வருஷமாக இந்த ஊரில் சிப் டிசைன் செய்து பிழைத்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் "சாஃப்ட்வேரா?" என்பார்கள். "இல்லை, அனலாக்" என்பேன். அதோடு பேச்சு மழையைப் பற்றியோ தண்ணீர் லாரியைப் பற்றியோ திரும்பிவிடும். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்து கடை விரித்த பிறகு இங்கே இந்தத் தொழிலுக்கென்று ஒரு கூட்டமே உருவானது. ஆனாலும் அக்கம்பக்கத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தக் கடனை இன்று கொஞ்சம் அடைக்கலாம் என்று பார்க்கிறேன்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் மட்டும். ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அலை மட்டும். எண்ணை வாங்கி அலையாக்கித் தருகிற சின்னப் பொருளை நாங்கள் ஆபீஸில் "டேக்" என்போம். கலைச்சொல் அகராதியில் இலக்க-ஒப்புமை மாற்றி என்று இருக்கிறது. சரியான சொல்தான், ஆனால் மீட்டிங்கில் நாலு முறை சொன்னால் மூச்சு வாங்கும். உங்கள் போனில் பாட்டு கேட்கும்போது உள்ளே வேலை செய்வதும் ஒரு டேக்தான். இசைத்தட்டில் இருந்து வரும் எண்கள் விநாடிக்கு 44,100. அதைச் செய்வது இப்போது கைவந்த வேலை. நான் சொல்லவந்தது விநாடிக்கு அறுநூறு கோடி எண்களை வாங்கி, நேராக ரேடியோ அலையாகவே வெளியே விடும் டேக் பற்றி.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் ஆழாக்கு இருக்கிறது? நாலைந்து கைகள். சந்தோஷம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. பாட்டிமார் அரிசி அளந்தது அப்பட்டமான பைனரியில். ஐந்து ஆழாக்கு வேண்டுமா? ஓர் உரி, ஓர் ஆழாக்கு. ஆறு வேண்டுமா? ஓர் உரி, ஓர் உழக்கு. டேக்கும் இதைத்தான் செய்கிறது. அரிசிக்குப் பதில் மின்னோட்டம். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் மின்னோட்டங்கள் சிப்பில் தயாராக ஓடிக்கொண்டிருக்கும். வருகிற எண்ணைப் பார்த்து எது வேண்டுமோ அதை வெளிக்கம்பிக்குத் திருப்பிவிடுவோம்.

"திருப்பிவிடுவோம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறுத்துவதில்லை. வாய்க்கால் தண்ணீரை அடைத்தால் கரை முட்டும், திறந்தால் வந்து சேர நேரமாகும். மடையைத் திருப்பினால் ஓடுகிற தண்ணீர் ஓடிக்கொண்டே வேறு வயலுக்குப் போய்விடும். மின்னோட்டமும் அப்படித்தான். வேண்டாதபோது அது பக்கத்துக் கம்பிக்குப் போகிறது, அவ்வளவே. வேகமான டேக்குகள் பெரும்பாலும் இந்த மடை மாற்றும் வகையைச் சேர்ந்தவை.

சிக்கல் எங்கே என்றால், ஏழு ஆழாக்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது. ஏழு என்றால் உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் தட்டில் இருக்கின்றன. எட்டு என்றால் மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு நாழியை வைக்க வேண்டும். நாழியை வைத்த கை ஒரு கண்ணிமை முந்திவிட்டால் அந்த நேரத்துக்குத் தட்டில் பதினைந்து ஆழாக்கு இருக்கும். பிந்திவிட்டால் தட்டு காலி. ஏறவேண்டியது ஒரே ஓர் ஆழாக்கு. நடுவில் இத்தனை அமர்க்களம். இதற்கு எங்கள் பேச்சில் கிளிட்ச் என்று பெயர். 14 பிட், அதாவது இப்படி இரட்டிக்கும் பதினான்கு அளவைகள் உள்ள டேக்கில், இது 8191இலிருந்து 8192க்குப் போகும் இடம். பதின்மூன்று பேர் இறங்க, ஒருவர் ஏற வேண்டும். இன்னொரு கொடுமை: அந்த இடம் அலையின் நட்டநடு. அலை எவ்வளவு சிறியதானாலும் நடுவைக் கடந்துதான் ஆகவேண்டும். மெல்லிய குரலில் பேசுபவர்தான் இதில் அதிகம் அடிபடுவார்.

இதற்கு வழி, பெரிய அளவைகளை ஒழித்துவிடுவது. நாழி வேண்டாம், எல்லாம் ஆழாக்காகவே இருக்கட்டும், கூட்ட வேண்டுமானால் இன்னும் ஒன்றை வை, யாரையும் இறக்காதே. யோசனை நல்லதுதான். ஆனால் 14 பிட்டுக்கு 16,383 ஆழாக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், ஒரு லாட்ச், ஒரு கம்பி. அதை லேஅவுட் போடச் சொன்னால் என் டீமில் பாதிப் பேர் ராஜினாமா கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு சமரசம். மேல் 6 பிட்டை 63 சம பங்குகளாக வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் 256 ஆழாக்கு. கீழ் 8 பிட்டை பழைய பாட்டி முறையிலேயே விட்டுவிடுவோம். எங்கே வெட்டுவது, ஐந்திலா ஆறிலா ஏழிலா என்று ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு வாரம் சண்டை நடக்கும்.

இந்த 63 பேரும் சமமாக இருக்க வேண்டும். அதுதான் அடுத்த தலைவலி. ஒரே அச்சில் வார்த்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1989இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் இருந்த மார்செல் பெல்க்ரோம் இதை அளந்து எழுதினார். வித்தியாசத்தைப் பாதியாக்க வேண்டுமானால் பரப்பை நாலு மடங்காக்க வேண்டும். முழு மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், 14 பிட்டில் ஓர் ஆழாக்கு என்பது 1.2 மைக்ரோ ஆம்பியர். அதைவிடக் குறைவாகத்தான் எல்லாரும் பிசக வேண்டும். சரி, பெரிதாகப் போடு என்பீர்கள். பெரிதாகப் போட்டால் வேகம் போய்விடும். பெரிய டிரான்சிஸ்டர் தன்னோடு கெபாசிடன்ஸ் என்ற மூட்டையைச் சுமந்துவரும். 63 பேரும் அகலமாக உட்கார்ந்தால் எல்லாரும் எப்போது திரும்ப வேண்டும் என்று தாளம் போடும் கிளாக் கடைசி ஆளுக்குப் போய்ச்சேர நேரமாகும். துல்லியம் பெரிய உடம்பைக் கேட்கிறது, வேகம் சிறிய உடம்பைக் கேட்கிறது. இந்தத் தொழிலின் சண்டை எல்லாம் இந்த ஒன்றுதான்.

சிலிக்கான் தகட்டின் ஓரத்துக்கும் நடுவுக்கும் குணம் மாறும். கல்யாணப் பந்தியில் ஒரு வீட்டாரை முழுக்க ஒரே மூலையில் உட்காரவைத்தால் பாயசம் தீர்ந்துபோகும் மூலையில் அவர்களே மாட்டுவார்கள் இல்லையா? அதனால் ஒவ்வொரு பங்கையும் துண்டுதுண்டாக வெட்டி இடம் மாற்றி மாற்றி உட்காரவைப்போம். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தார் 1999இல் இப்படிக் குலுக்கி அடுக்கியே ஒரு 14 பிட் டேக் செய்து காட்டினார்கள். இப்போது சின்னதாகப் போட்டுவிட்டு, சிப் எழுந்தவுடன் அளந்து திருத்திக்கொள்கிற முறையும் உண்டு.

இனி என் சொந்தக் கதை ஒன்று. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எங்கள் இரண்டாவது டெஸ்ட் சிப் வந்து மேஜையில் ஏறியது. சிமுலேஷனில் அலை சுத்தமாக இருந்தது. வேண்டாத முள் எல்லாம் அலைக்கு 74 டெசிபல் கீழேயே அடங்கிக் கிடந்தது. மேஜையில் 57 தான் கீழே. ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் அந்த முள் நட்டுக்கொண்டு நின்றது. இதை நாங்கள் ஸ்பர் என்போம். மூன்று வாரம் அனலாக் பகுதியைக் குடைந்தோம், பயாஸை மாற்றினோம், போர்டை மாற்றினோம், ஒருவர் எலுமிச்சம்பழம்கூட வைத்தார். ஒரு சாயங்காலம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் டிஜிட்டல் பகுதியின் சப்ளையை மட்டும் 50 மில்லிவோல்ட் ஏற்றினாள். ஸ்பர் நகர்ந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. அங்கேதான் பிடி கிடைத்தது.

நடந்தது இதுதான். எண்ணைப் பிரித்துக் கொடுக்கும் டீகோடரும், சுவிட்சைத் தட்டிவிடும் லாட்சும் ஒரே சப்ளைக் கம்பியைப் பகிர்ந்திருந்தன. எண் அதிகம் மாறினால் டீகோடர் அதிகம் இழுக்கும், கம்பியின் வோல்டேஜ் சில மில்லிவோல்ட் தாழும், லாட்ச் ஒரு பிகோ விநாடிக்கும் குறைவாகத் தாமதிக்கும். தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே தாமதம் எண்ணைப் பொறுத்து மாறியது. அலையின் வடிவமே அலையின் நேரத்தைக் கெடுத்தது.

கம்பியைப் பிரித்தோம். கூடவே ஒவ்வொரு மடையிலும் இரண்டுக்குப் பதில் நாலு சுவிட்ச் வைத்தோம். எண் மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு சுவிட்ச் மூடும், ஒன்று திறக்கும். வெட்டி வேலைதான். ஆனால் மார்கோசா ரோட்டில் வெண்ணெய் தோசை போடுபவரைக் கேளுங்கள். வாடிக்கையாளர் வரும்போது மட்டும் கல்லைச் சூடாக்கினால் ஒவ்வொரு தோசையும் ஒவ்வொரு விதமாக வரும். கல் எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இந்த நாலு சுவிட்ச் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, துறையில் தெரிந்த விஷயம். இதை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் இன்னொரு வேடத்தில் திரும்பி வரும்.

மல்லேஸ்வரத்தில் ஒலியைப் பற்றிப் பேசிவிட்டு சி.வி. ராமனைப் பற்றிப் பேசாமல் போனால் தப்பு. அவருடைய பஞ்சவடி வீடு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான தோல் கருவிகளின் மேலோசைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சிதறும்போது, மிருதங்கத்தில் அவை ஏன் முழு எண் மடங்குகளில் வந்து உட்காருகின்றன என்று ராமன் ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புச் சோறு செய்கிற வேலை அது என்று காட்டினார். அங்கே மடங்கு ஒலிகள் நாதத்துக்கு அழகு. எங்களுக்கோ அவை பகை. அதுவும் சாதாரணப் பகை இல்லை, ஊர் மாறி வந்து உட்காரும் பகை. விநாடிக்கு 600 கோடி எண் என்றால் மொத்த வீடு 6 ஜிகாஹெர்ட்ஸ், அதில் பாதியான 3 வரைதான் நமக்குச் சொந்தம். 1.3இல் ஓர் அலை விட்டால் அதன் மூன்றாம் மடங்கு 3.9இல் இருக்க வேண்டும். அது சுவரில் மோதி மடங்கி 2.1இல் வந்து நிற்கும். ஐந்தாம் மடங்கு 0.5இல் நிற்கும். சுருதிக்கு ஒட்டாத அபஸ்வரமாக, நாம் அனுப்ப நினைக்கும் சேதிக்கு நடுவிலேயே.

கிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எண் சரியாக இருந்து, அதை வெளியிடும் கணம் தள்ளாடினால் அதற்கு ஜிட்டர் என்று பெயர். 100 ஃபெம்டோ விநாடி தள்ளாட்டம் என்று வையுங்கள். நான் முதலில் சொன்ன பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு இதுதான். அந்த நேரத்தில் ஒளியே 0.03 மில்லிமீட்டர்தான் நகரும், ஒரு தலைமயிரின் தடிமன்கூடத் தேறாது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இந்தத் தள்ளாட்டம் இருந்தால் சத்தத்துக்கும் சேதிக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபலோடு நின்றுவிடும். அதாவது 14 பிட் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் கையில் கிடைப்பது 8. விளம்பரத்தில் பிட்டைப் பார்த்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிளாக் என்ன என்று கேளுங்கள்.

பாதி வீடுதான் நமக்குச் சொந்தம் என்றேன். மீதி வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க இப்போது கோலத்துக்கு வருவோம். வாசலில் புள்ளி வைத்தாகிவிட்டது. அதே புள்ளிகளைச் சுற்றி ஒருத்தி எளிமையாக ஓர் இழை ஓட்டுவாள், இன்னொருத்தி புள்ளிக்குப் புள்ளி வளைத்து வளைத்து நெருக்கமாகப் போடுவாள். இரண்டும் அதே புள்ளிகளைத்தான் மதிக்கின்றன. டேக்குக்கு நாம் கொடுப்பது புள்ளிகளை மட்டுமே. 6 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வைத்த அந்தப் புள்ளிகள் வழியாக 1 ஜிகாஹெர்ட்ஸ் அலையும் போகும், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையும் போகும், 7ம் போகும். டேக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுகிறது. 1இல் அசல். 5, 7, 11, 13 என்று பிம்பங்கள். ஒவ்வொரு எண்ணையும் அடுத்தது வரும்வரை படிக்கட்டுபோல் பிடித்துவைத்திருப்பதால் மேலே போகப்போகப் பிம்பம் மங்கும். அசல் 100க்கு 95 பலத்தில் வந்தால் 5இல் உள்ள பிம்பம் வெறும் 19. பாடப் புத்தகங்கள் பிம்பங்களைக் குப்பை என்று சொல்லி வடிகட்டச் சொல்லும். நானும் இருபது வருஷம் வடிகட்டியே எறிந்தேன். அந்தக் குப்பையை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இங்கிருந்து 18வது கிராஸ் வரை நடந்து, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் இந்திய அறிவியல் கழகம். பழைய ஆட்களுக்கு டாடா இன்ஸ்டிட்யூட். அங்கே விபோர் சிங்கின் ஆய்வகத்தில் மீக்கடத்திக் க்யூபிட்டுகளை வைத்து வேலை செய்கிறார்கள். க்யூபிட் என்பது குவான்டம் கணினியின் அடிப்படைத் துண்டு. அதைத் தட்டி எழுப்பவும் கேள்வி கேட்கவும் சில ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் துடிப்புகள் வேண்டும், வடிவம் துல்லியமாக இருக்க வேண்டும், கணம் தப்பக் கூடாது. வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், மெதுவான டேக்கில் ஒரு துடிப்பைச் செய்து, தனியாக ஓடும் மைக்ரோவேவ் அலையோடு மிக்சரில் கலந்து மேலே ஏற்றுவார்கள். மிக்சர் ஒழுகும். வேண்டாத பக்கத்திலும் ஒரு நிழல் வரும். அதைச் சரிசெய்து வைத்தாலும் வெப்பம் மாறினால் மறுபடி விலகும். ஒரு க்யூபிட்டுக்கு இந்தப் பாடு என்றால் ஐம்பதுக்கு எண்ணிப்பாருங்கள்.

அங்கேயே மின்னணுத் துறையில் இருக்கும் சேதன் சிங் தாகூரின் குழுவும் அவர்களும் சேர்ந்து 2023இல் எஸ்க்யூ-கார்ஸ் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். அடிப்படை, கடையில் கிடைக்கும் இசட்சியு111 என்ற போர்டு. அதில் உள்ள சிப்பில் எட்டு டேக் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 14 பிட், விநாடிக்குச் சுமார் 650 கோடி எண் வரை. பாட நூல் கணக்குப்படி அதில் 3.3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது. அவர்களோ 4 முதல் 9 வரை நேராகத் துடிப்பு எடுக்கிறார்கள், மிக்சர் இல்லாமல். பிம்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அசலை வடிகட்டி எறிந்துவிட்டுப் பிம்பத்தை வைத்துக்கொண்டார்கள்!

19 பலம் உள்ள மங்கிய பிம்பத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்த நாலு சுவிட்ச் திரும்பி வருகிறது. ஒவ்வொரு எண்ணையும் முழு நேரம் பிடித்துவைக்காமல், பாதி நேரம் நேராகவும் மீதிப் பாதி தலைகீழாகவும் விடுங்கள். நாலு சுவிட்ச் இருந்தால் இது சும்மா கிடைக்கும் வித்தை. மிக்ஸ் மோடு என்பார்கள். அப்படிச் செய்தால் 1 ஜிகாஹெர்ட்ஸில் உள்ள அசல் 95இலிருந்து 26க்குச் சரியும். 5இல் உள்ள பிம்பம் 19இலிருந்து 71க்கு ஏறும். பிம்பம் கண்ணாடியில் தெரிவதால் இடம் வலம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 1இலிருந்து 1.1க்கு அசலை ஏற்றினால் பிம்பம் 5இலிருந்து 4.9க்கு இறங்கும். எண்ணை எழுதும்போதே அதைக் கவனித்துத் தலைகீழாக எழுதிவிட்டால் ஆயிற்று.

எஸ்க்யூ-கார்ஸில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. பல சேனல்களை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரே காலடியில் எழுப்புகிறார்கள். சொல்லக் கேட்டால் சின்ன விஷயம். உள்ளே கிளாக்கைப் பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு சுற்றும் தூங்கி எழும்போது தன்னிஷ்டப்படி ஒரு கட்டத்தில் எழும். நேற்று ஒத்துப்போன இரண்டு சேனல் இன்று ஒத்துப்போகாது. இதை அடக்கியவர்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

அந்தப் போர்டில் உள்ள சிப் இந்த ஊருடையது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சைலின்க்ஸ் நிறுவனத்தின் டப்ளின் குழு அதன் டேக்குகளைச் செய்தது, 16 நானோமீட்டர் டிரான்சிஸ்டரில். நிறுவனம் 2022இல் ஏஎம்டி கைக்குப் போனது. நம் ஊரில் 2005இல் தொடங்கிய காஸ்மிக் சர்க்யூட்ஸ் இதே போன்ற அனலாக் துண்டுகளைச் செய்து விற்றது, 2013இல் கேடன்ஸ் வாங்கிக்கொண்டது. கைகள் இங்கே இருக்கின்றன, சிப்பின் மேல் அச்சாகும் பெயர் வேறு எங்கோ இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. 16 நானோ நம்மிடம் இல்லையே என்று இளைஞர்கள் சொல்லும்போது மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அனலாக் டிவைசஸின் ஏடி9739 என்ற டேக், விநாடிக்கு 250 கோடி எண், 14 பிட், மிக்ஸ் மோடு உண்டு. அது செய்யப்பட்டது 180 நானோமீட்டரில். மொஹாலியில் நம் அரசு ஆலையில் ஓடுவதும் 180தான். இரண்டும் ஒரே குணமுள்ள ஆலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவு டிரான்சிஸ்டரில் இது முடியும் என்று ஒருவர் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்.

கடைசியாக ஒன்று. இத்தனை பாடுபட்டு, 63 பேரை ஒரே கணத்தில் திருப்பி, கிளாக்கை அடக்கி, பிம்பத்தைத் தேற்றி எடுத்த துடிப்பு கேபிள் வழியே க்யூபிட் இருக்கும் குளிர்கலத்துக்குள் இறங்குகிறது. கீழே தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக் குளிர். இறங்கும் வழியில் படிப்படியாக அதைத் தணித்துக்கொண்டே போவார்கள். 60 டெசிபல் தணிப்பது சாதாரணம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கீழே போய்ச்சேரும். அறையின் சூட்டிலிருந்து வரும் இரைச்சலும் கூடவே இறங்கிவிடக் கூடாது, அதற்காக. முதல் தடவை ஒரு மாணவர் அதை எனக்குப் படம் போட்டுக் காட்டினபோது, "இவ்வளவு செய்து கொடுத்ததை நீங்கள் வழியிலேயே எறிந்துவிடுகிறீர்களா?" என்று கேட்டேன். "ஆமாம் சார், மீதி இருக்கிறதே, அது சுத்தமா இருந்தால் போதும்" என்றார்.

மணி எட்டாகப் போகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆழாக்கு வைத்திருப்பவர்கள் முதலில்.